இடப்பக்கம் ஸ்டீயரிங் இருந்த கார்

இப்போதெல்லாம் விபத்தில் அடிபட்ட காரைப் பார்க்க யாரும் நேரில் போக வேண்டியதில்லை. கார்காரரே கைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நஷ்டம் இவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். சின்ன நசுங்கல்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஒரு பம்பரைப் பார்ப்பதற்காகக் கொல்கத்தா மழையில், முழங்கால் தண்ணீரில், பெஹாலா வரை போய்வந்தவள் நான். அந்த நாள் திரும்ப வர வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

சென்ற மாதம் நான் முன்பு வேலை செய்துகொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பெண், கொல்கத்தாவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள்.

"மேடம், அறுபதுகள்ல வந்த ஒரு அமெரிக்கக் கார் இன்சூரன்ஸுக்கு வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல வருஷத்தைப் போட்டா மதிப்பு பூஜ்யம்னு காட்டுது. ஓனர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. விமலா மேடத்தைக் கேளுன்னாங்க."

என்ன செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து வைத்த பிறகுதான், அதைப் போலவே ஒரு கார் என்னை எவ்வளவு பாடுபடுத்தியது என்று நினைத்துக்கொண்டேன். போனில் சொல்லக்கூடிய கதையில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் அப்பா கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு சணல் கம்பெனியில் கணக்கராக இங்கே வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, இப்போது இருப்பது எல்லாம் லேக் மார்க்கெட் பக்கம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் எந்தப் பட்டறையும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் மித்ரா பாபு என்ற சர்வேயர் சேர்த்துக்கொண்டார். இன்சூரன்ஸ் சர்வேயர் என்பவர் கம்பெனியின் ஆளும் இல்லை, கார்காரரின் ஆளும் இல்லை. அடிபட்ட வண்டியைப் பார்த்து, எப்படி அடிபட்டது, எவ்வளவு நஷ்டம் என்று நடுவில் நின்று எழுத வேண்டியவர். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது வேலையோடு சேர்ந்தது.

மித்ரா பாபு பெருத்த மனிதர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையிலேயே தலை வைத்துத் தூங்குவார். யாரையும் பாராட்டியதில்லை. ஆனால் அடிபட்ட காரை அவர் அணுகும் விதம் தனி. முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். தொட மாட்டார், பேச மாட்டார். பிறகு ஓட்டியவரை அந்தக் காரிலேயே உட்கார வைத்து, ஒரே கேள்விதான் கேட்பார்.

"என்ன சத்தம் கேட்டீங்க? முதல்லேர்ந்து வரிசையா சொல்லுங்க."

பார்த்ததைப் பற்றிப் பொய் சொல்ல எல்லாரும் தயாராக வருவார்கள். கேட்டதைப் பற்றி யாரும் தயார் செய்துகொண்டு வருவதில்லை. நின்றுகொண்டிருந்த தன் காரை லாரி வந்து இடித்துவிட்டது என்று ஒரு வியாபாரி எழுதிக் கொடுத்திருந்தார். சத்தத்தைக் கேட்டதும், "முதல்ல என் பிரேக் கீச்சுன்னு கேட்டுச்சு" என்று ஆரம்பித்தார். நின்ற காருக்கு ஏது பிரேக் சத்தம். மித்ரா பாபு தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் தானே மீதியையும் சொல்லிவிட்டார்.

அவரிடம் சில வருடங்கள் இருந்துவிட்டு, உரிமம் வாங்கித் தனியாக வேலை செய்யத் தொடங்கினேன். பட்டறைக்காரர்கள் முதலில் "மேடம்" என்றார்கள், பிறகு "விமலாதி" என்றார்கள். அக்கா என்று அர்த்தம். அதற்குப் பிறகு சிரமம் இல்லை.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை கார் என்பது வருடத்துக்கு வருடம் தேயும் பொருள். அதற்கு அட்டவணை இருக்கிறது. வங்கிக்காரர்களும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஜாதவ்பூரில் ஒரு டாக்டர் பழைய கார் ஒன்று வாங்கக் கடன் கேட்டபோது, வங்கி மேலாளர் என் மதிப்பீட்டைப் படித்துவிட்டு, "விமலாதி, என் மோட்டார் சைக்கிளுக்குக்கூட இதைவிட வயசு குறைச்சல்" என்று சிரித்து அனுப்பிவிட்டார். ஆனால் சில கார்கள் ஒரு வயதுக்கு மேல் தேய்வதை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கும். அவற்றுக்கு வேறு வழி. நேரில் பார்த்து ஒருவர் மதிப்பு எழுத வேண்டும். கம்பெனியும் கார்காரரும் முன்கூட்டியே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை கார் போய்விட்டால் பேரம் கிடையாது, ஒப்புக்கொண்டதைக் கொடுக்க வேண்டியதுதான்.

அப்படி மதிப்பு எழுதத்தான் ரங்கநாதன் சார் வீட்டுக்கு முதன்முதலில் போனேன். சதர்ன் அவென்யூவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீடு. தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டகையில் நின்ற கார் சிவப்பு மஸ்டாங், அறுபதுகளில் வந்த அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், இடப்பக்கம் ஸ்டீயரிங். தூதரகத்தில் வேலை பார்த்த ஒரு அமெரிக்கர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ரங்கநாதன் சார் சாவியைத் திருப்பினார். ஒருமுறை செருமிவிட்டுத் தாழ்ந்த குரலில் அது பேசத் தொடங்கியது. கொட்டகையின் தகரம் மெல்ல அதிர்ந்தது. நான் கையிலிருந்த பேனாவை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி பத்மா மாமி காபி கொண்டுவந்தார். கதவு ஓரமாக வந்து நின்றதும் ரங்கநாதன் சார், "பத்மா, பெயிண்டைத் தொடாதே, ரேகை விழும்" என்றார். மாமி ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

கொல்கத்தாவில் அதே போல் இன்னொரு கார் இருந்தது. ஹவுராவில் வார்ப்பட ஆலை வைத்திருந்த கோஷ் பாபுவுடையது. அதன் எஞ்சின் வெகுநாள் முன்பே செத்துவிட்டதால், ஒரு ஜீப்பின் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றில் எல்லார் முன்னிலையிலும் ரங்கநாதன் சார் அதை "டிராக்டர்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கோஷ் பாபு அதன் பிறகு தன் காரை வெளியே எடுக்கவே இல்லை.

ரங்கநாதன் சார் காலமான அடுத்த வருடம் அந்தப் புயல் வந்தது. ஊரடங்கு காலம். தெருவுக்குத் தெரு மரங்கள் விழுந்து கிடந்தன, கரண்ட் இல்லை. கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தபோது, மாமி வீடு நடக்கும் தூரம்தானே என்று முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற குல்மொஹர் மரம் வேரோடு சாய்ந்து, தகரக் கூரையைப் பிளந்துகொண்டு காரின் நடுமுதுகில் விழுந்திருந்தது. காரின் கூரை இருக்கைகள் வரை இறங்கியிருந்தது. முன்பக்கம் மட்டும் கீறல்கூட இல்லாமல், பானெட் மேல் சிவப்புப் பூக்கள் கொட்டிக் கிடக்க, பளபளவென்று நின்றது.

மாமி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அழுததாகத் தெரியவில்லை.

"விமலா, மரத்தை வெட்ட ஆள் வந்திருக்கா. நீ பாத்தப்புறம்தான் தொடணும்னு உக்கார வெச்சிருக்கேன்."

"நல்ல வேலை பண்ணீங்க மாமி. விழுந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"உள்ளேதான். காத்து ஊளையிடறது. அதுக்கு நடுவுல, யாரோ பெரிய புஸ்தகத்தைப் படார்னு மூடினாப்பல ஒரு சத்தம். அவ்வளவுதான். ஜன்னல்கிட்ட போகலை. என்னன்னு தெரிஞ்சுடுத்து."

மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தார்கள். பாலிகஞ்ச் பட்டறையிலிருந்து வந்த மிஸ்திரி ஒருவர் பார்த்துவிட்டு, கூரையை வெட்டி எடுத்துப் புதுசு போட்டால் ஓடும் என்று மாமியிடம் சொல்லிவிட்டார். மாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்குக் கவலை வந்தது. மேலே பார்த்தால் கூரை மட்டும்தான் போயிருக்கிறது. ஆனால் அந்த வகைக் காருக்கு லாரிபோலத் தனி இரும்புச் சட்டம் கிடையாது. கூடும் அடித்தளமும் சேர்ந்துதான் எலும்பு. நடுவில் அவ்வளவு கனம் விழுந்தால் அடித்தளம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய காரைப் பூசி மெழுகி ஓட வைக்கலாம். வேகம் எடுத்தால் ஒரு பக்கமாக இழுக்கும், பிரேக் போட்டால் சுழலும்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. காரைச் சமமான சிமெண்டுத் தரைக்குத் தள்ளி வந்தோம். நாலு பக்கமும் ஜாக்கி வைத்து ஒரே உயரத்துக்குத் தூக்கினேன். அடித்தளத்தில் தயாரிப்பின்போதே விட்ட துளைகள் இருக்கும். இடதும் வலதும் அவை ஜோடி ஜோடியாக வரும். ஒவ்வொரு துளையிலிருந்தும் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை ஆட்டம் நின்று தரையைக் காட்டும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். எல்லாப் புள்ளியும் வைத்த பிறகு காரை நகர்த்திவிட வேண்டும். தரையில் அந்தக் காரின் எலும்புக்கூடு மட்டும் புள்ளிகளாக நிற்கும். இனி டேப்பைப் பிடித்து, இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கும், வலது முன் புள்ளியிலிருந்து இடது பின் புள்ளிக்கும் குறுக்காக அளக்க வேண்டும். நேரான காரில் இரண்டும் ஒன்றாக வரும்.

இரண்டும் ஒன்றாக வரவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம். அழித்துவிட்டு, காரைத் திரும்ப ஏற்றி, முதலிலிருந்து செய்தேன். அப்போதும் அதேதான்.

மாமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து புள்ளிகளைப் பார்த்தார்.

"என்ன சொல்றது?"

"மாமி, அடித்தளமே முறுக்கிடுச்சு. சரிபண்ணலாம்னு என்னால எழுத முடியாது."

"மிஸ்திரி ஓடும்கறானே?"

"ஓடும். அதுதான் பயம்."

அவர் குனிந்து ஒரு புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீ பொய் எழுத வேண்டாம். ஆனா நிஜத்தைக் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்" என்றார். நான் தூக்குக் குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். என் வேலையில் அந்த மாதிரி வார்த்தை எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்று போல் அது என்னைத் தைத்ததில்லை.

முழு நஷ்டம் என்று எழுதினேன். கம்பெனியும் மறுக்கவில்லை. அந்த நிலையில் உடைந்த காரை யார் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று கம்பெனி விசாரிக்கும். அந்த விலையை இழப்பீட்டில் குறைத்துக்கொண்டு கார்காரரே உடைந்ததை வைத்துக்கொள்ளவும் செய்யலாம். மற்றவர்கள் எல்லாம் பழைய இரும்பு விலை சொன்னபோது, ஒருவர் மட்டும் யாரும் எதிர்பாராத விலை சொன்னார். ஹவுரா கோஷ் பாபு. அவருக்கு வேண்டியது அந்த எஞ்சின்.

மாமியிடம் சொன்னேன். அவர் குரல் உயரவே இல்லை.

"குறைச்சுண்டு மிச்சத்தைக் குடுக்கச் சொல்லு. கார் இங்கேயே இருக்கட்டும். அந்த மனுஷன் கைக்குப் போக வேண்டாம். இவர் ஆத்மா அடங்காது."

ஆக, விவகாரம் முடிந்தது. கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது. சிவப்புக் கார் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. என் வேலை அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒருநாள் மாமியைப் பார்க்கப் போயிருந்தேன். நான் இருக்கும்போதே வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் ஜிப்பாவுமாக உயரமான ஒரு கிழவர் இறங்கினார். கையில் சந்தேஷ் இனிப்பு டப்பா. பேர் சொல்லாமலே எங்கள் இருவருக்கும் யார் என்று தெரிந்தது.

அவர் வங்காள மொழியில்தான் பேசினார். மாமிக்கு அது தமிழைவிடச் சரளம்.

"பௌதி, விலை பேச வரல. போன வருஷமே துக்கம் விசாரிக்க வந்திருக்கணும். தைரியம் இல்ல."

பௌதி என்றால் அண்ணி. ரங்கநாதன் சாரோடு அவ்வளவு காலம் பேசாதவர் அவரை அண்ணனாக்கிக்கொண்டு வந்து நின்றார். மாமி, "உக்காருங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு வங்காள மொழியில் சொன்னார்.

கோஷ் பாபு உட்கார்ந்து, டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை காலைல அண்ணா வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார் இல்லையா. எதிர்ச் சந்துல என் தங்கச்சி வீடு. அந்தச் சத்தத்தைக் கேக்கறதுக்காகவே ஞாயிறு ஞாயிறு அங்க போவேன். என் வண்டியும் ஒரு காலத்துல அப்படித்தான் பேசிச்சு. டிராக்டர்னு அவர் சொன்னதுல எனக்குக் கோபம்தான். ஆனா அது பொய்யில்ல, பௌதி. அதனாலதான் அவ்வளவு கோபம்."

மாமி சமையலறைக்குப் போனார். காபி போட்டுக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"உங்க கார் ஓட்டை உடைசல் இல்லாம இருக்கா?"

"கூடு நேத்து செஞ்ச மாதிரி இருக்கு. எஞ்சின்தான்..."

"நாளைக்கு வந்து பாக்கறேன். விமலா, நீயும் வா. உன் குண்டையும் சாக்பீஸையும் எடுத்துண்டு வா."

மறுநாள் பாபுகாட் படித்துறையில் லாஞ்ச் படகு ஏறி ஹூக்ளி ஆற்றைக் கடந்தோம். மாமி லாஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமோ? நான் லைசென்ஸ் எடுத்தவ. குழந்தைகளை ஸ்கூல்ல விட்டது, மார்க்கெட் போனது எல்லாம் எங்க ஆத்து அம்பாசடர்ல நான்தான் ஓட்டினேன். இந்தச் சிவப்புக் காரை மட்டும் அவர் குடுக்கலை. இதுல ஸ்டீயரிங் இடப்பக்கமா, நான் வலப்பக்கம் உக்காருவேன். மத்த கார்ல ஓட்டறவா உக்கார்ற இடம். கையை மடியில வெச்சுண்டு வருவேன். ரோட்டுல போறவா எல்லாம் நான்தான் ஓட்டறேன்னு நெனச்சுண்டு பாப்பா."

"கேட்டதில்லையா மாமி?"

"ஒருதரம் கேட்டேன். சிரிச்சார். அப்புறம் கேக்கலை."

கோஷ் பாபுவின் ஆலைக்குப் பின்னால் அந்தக் கார் நின்றது. வெளிர்நீலம். நான் அதே மாதிரி ஜாக்கி வைத்து, குண்டு தொங்கவிட்டு, புள்ளி வைத்து, குறுக்காக அளந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன. நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தேன்.

மாமி கதவைத் திறந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"எங்காத்து எஞ்சினை எடுத்துண்டு வந்து இதுல வைங்கோ. எனக்கு விலை வேண்டாம். கார் உங்க பேர்லேயே இருக்கட்டும். நான் ஓட்டணும். அவ்வளவுதான்."

கோஷ் பாபுவின் கை பையிலிருந்த சாவியைத் தடவியது. இத்தனை காலம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த காரை இன்னொருவர் கையில் கொடுப்பது என்றால் அவருக்கும் ரங்கநாதன் சாருக்கும் அதிக வித்தியாசம் இருந்திருக்காது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சாவியை எடுத்து, ஜன்னல் வழியாக நீட்டினார்.

எஞ்சினை மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மாற்றியதை மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு அலைச்சல். எல்லாம் முடிந்ததும் இன்சூரன்ஸுக்கு மதிப்பு எழுத என்னையே கூப்பிட்டார்கள். கூடு ஒரு காருடையது, எஞ்சின் இன்னொரு காருடையது என்று உள்ளபடி எழுதினால் மதிப்பு இறங்கும் என்றேன். பழைய கார் பிரியர்களுக்குப் பிறந்த எஞ்சினோடு இருப்பதுதான் ஒசத்தி.

"உள்ளபடியே எழுதுங்க விமலாதி" என்றார் கோஷ் பாபு.

"குறைச்சலாவே எழுது" என்றார் மாமி. "விக்கவா போறோம்."

நான் எழுதிய மதிப்பீடுகளில் கார்காரர்கள் குறைவாகக் கேட்டது அது ஒன்றுதான். அந்த வருடத்தோடு நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் பழைய கார்களின் ஊர்வலம் வந்தது. என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பின்சீட் என்பது பேருக்குத்தான், முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவர்கள் வந்து பானெட்டைத் திறந்து எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார்கள். அசல் கார்களின் பிரிவில் சேர்க்க முடியாது, கடைசியில் நிற்கும், மாற்றம் செய்யப்பட்டவற்றின் வரிசைக்குப் போங்கள் என்றார்கள். கோஷ் பாபு முகம் சிவந்து வாதாடக் கிளம்பினார். மாமி அவர் ஜிப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கோ. வரிசையில கடைசின்னா, முன்னால போறதையெல்லாம் பாத்துண்டே போகலாம்."

அப்படியே போனோம். மைதானத்தைச் சுற்றிக் குளிர்கால வெயிலில் கார்கள் ஊர்ந்தன. நடைபாதையில் நின்றவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த கோஷ் பாபுவைப் பார்த்துக் கையாட்டினார்கள். அவர் தயங்கித் தயங்கி, இடப்பக்கம் கைகாட்டினார். அப்போது அவர்கள் மாமியைப் பார்த்து இன்னும் பலமாகக் கையாட்டினார்கள். மாமிக்கு எதிர் கையாட்ட நேரமில்லை. கியரிலும் கண்ணாடியிலும்தான் கவனமாக இருந்தார்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குத் திரும்பினோம். சதர்ன் அவென்யூவில் ஞாயிற்றுக்கிழமை நடமாட்டம் குறைவு. சாலை நீளமாகக் கிடந்தது. மாமி மூன்றாவது கியருக்கு மாற்றி அழுத்தினார். அந்தத் தாழ்ந்த குரல் எழுந்து என் முதுகுக்குள் இறங்கியது. ஏரிக்கரை மரங்கள் வேகமாகப் பின்னால் ஓடின. மாமி வீட்டுச் சந்து வந்தது, போனது.

கோஷ் பாபு திரும்பிப் பார்த்தார்.

"பௌதி, உங்க சந்து தாண்டிப் போச்சு."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மாமி அடுத்த கியரைப் போட்டார்.